செம்பு ஏறிய மீன்தொட்டியும் சிப்பி உயிர்களும்

கடல்நீர்த் தொட்டிகளில் வளரும் மீன்களை ஒட்டுண்ணிகளிடமிருந்து காக்கும் மருந்தாகச் செம்பு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால், அதே செம்பு சங்கு, சிப்பி, நண்டு, இறால், பவளம் முதலிய முதுகெலும்பற்ற உயிர்களுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சாகிவிடுகிறது. ஆகவே, முன்பு செம்பு இடப்பட்டுப் பின்னர் காலியாகக் கிடக்கும் பழைய தொட்டியை மீண்டும் பயன்படுத்த விரும்புவோர், அதில் எவ்வகை உயிரை வளர்க்கப்போகிறோம் என்பதையே முதலில் முடிவுசெய்ய வேண்டும். உடன்குடியை அடுத்த மணப்பாடு தொடங்கித் தூத்துக்குடி வரை நீளும் கரையின் பெருமை முத்துச்சிப்பியாலும் சங்காலும் வந்தது என்பதால், இவ்வேறுபாட்டை இப்பகுதி மக்கள் அறிந்திருப்பது மிகவும் பயனுடையது.

கடல் மீன்களின் உடலிலும் செவுளிலும் உப்புத்தூள் தெளித்தாற்போல் வெண்புள்ளிகளை உண்டாக்கும் நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியான் என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள் சில நாள் தங்கி, பின்னர் உதிர்ந்து, தொட்டியின் அடியில் உறைக்குள் பெருகி, புதிய மீனைத் தேடி நீரில் நீந்திவருகிறது. செம்பு இந்த நீந்தும் பருவத்தை மட்டுமே கொல்லுகிறது. அதனால்தான் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு அயனி நீரில் இருக்கும்படி வாரக்கணக்கில் மருந்திட வேண்டியிருக்கிறது. உழவர்கள் மயில்துத்தம் என்று அழைக்கும் செம்பு சல்பேட்டின் எடையில் கால் பங்கே செம்பு என்பதால், 100 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம் மயில்துத்தமே போதுமானது.

மீன் தாங்கிக்கொள்ளும் இவ்வளவைச் சிப்பி இனங்கள் தாங்குவதில்லை. அவற்றின் இளம்புழுக்கள் இதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான செம்பிலேயே வளர்ச்சி குன்றி மடியக்கூடும். நண்டும் சங்கும் உயிர்வளியைச் சுமக்கத் தம் குருதியில் செம்பு கலந்த புரதத்தையே கொண்டிருப்பினும், புரதத்தோடு பிணையாமல் நீரில் தனித்து நிற்கும் செம்பு அவற்றின் செவுள்களின் பணியைக் குலைத்துவிடுகிறது. 1761-இல் பிரித்தானியக் கடற்படை அலாரம் என்னும் கப்பலின் அடிப்பகுதியில் செப்புத் தகடு பொருத்தியதும், இன்று படகுகளின் அடியில் செம்பு கலந்த வண்ணம் பூசப்படுவதும் செம்பின் இப்பண்பைக் கருதியே ஆகும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடிப் பகுதியில் 1973-இல் வளர்ப்பு முத்தையும், 1981-இல் பொரிப்பகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையும் உருவாக்கி வெற்றி கண்டது. அத்தகைய இளம்புழுக்களை வளர்க்கும் எந்த நீரிலும் செம்பு கலவாதிருப்பது அடிப்படைத் தேவையாகும்.

பழைய தொட்டியின் சிக்கல் கண்ணாடியில் இருப்பதைக் காட்டிலும் அதனுள் கிடந்த பொருள்களில்தான் மிகுதி. பவளமணல், சிப்பி ஓடு, சுண்ணப்பாறை ஆகியவற்றிலுள்ள கால்சியம் கார்பனேட் நீரிலிருந்து செம்பை ஈர்த்துத் தன் மேற்பரப்பில் படியவைத்துக்கொள்கிறது. மீன்கழிவாலும் சுவாசத்தாலும் நீரின் காரத்தன்மை குறையும்போது அப்படிவு கரைந்து மீண்டும் நீரில் கலக்கிறது. எனவே, மணல், பாறை, வடிகட்டிப் பஞ்சு, கரி ஆகியவற்றைக் கழுவிப் பயன்படுத்த முயலாமல் முற்றிலும் அகற்றிவிடுவதே அறிவுடைமை.

பின்னர் வெறும் தொட்டியையும் குழாய்களையும் நீர்த்த வினிகரால் துடைத்து, படிந்த உப்பையும் சுண்ணத்தையும் கரைத்து, நன்னீரால் பலமுறை அலச வேண்டும். கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கோன் பசை மிகப் பழையதாயின், அதை அகற்றிப் புதிதாகப் பூசுவது ஐயத்தைக் குறைக்கும். அதன்பின் புதிய கடல்நீர் நிரப்பி, செம்பை ஈர்க்கும் பிசினையோ செயலூட்டிய கரியையோ வடிகட்டியில் இட்டு, ஒரு வாரமேனும் நீரை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சோதனைக் கருவிகள் மிகக் குறைந்த அளவைக் காட்டுவதில்லை என்பதால், அவை ‘இல்லை’ என்று காட்டுவது சிப்பிக்குப் பாதுகாப்பு என்று பொருள்படாது. இவ்வாறு கழுவிய செம்புநீரைக் குளத்திலோ கடலில் சேரும் ஓடையிலோ விடுவதும் முறையன்று.

இவ்வளவு உழைப்பையும் தவிர்க்கும் எளிய வழி, அத்தொட்டியை மீன்களுக்கு மட்டும் உரியதாக்குவது. அல்லது புதிய மீன்களைச் சில வாரங்கள் தனித்துவைத்து நோய் பார்க்கும் மணலற்ற தொட்டியாகவே நிலைநிறுத்துவது. எவ்வகையில் பயன்படுத்தினாலும், அதை அழகுபடுத்தக் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்து வருதல் கூடாது. கற்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாக விளங்குகின்றன. செம்பு தொட்ட தொட்டியில் மீன் வாழலாம். அதன் வரலாறு தெளிவாகத் தெரியாத வரையில் சங்கையும் சிப்பியையும் அதில் விடாதிருப்பதே அவ்வுயிர்களுக்குச் செய்யும் நீதி.