வீட்டுக்குள் ஓர் ஆற்றங்கரை மரம்

கள்ளக்குறிச்சியில் ஒரு வீடு. கூடத்து மூலையில் ஒரு தொட்டி. தொட்டியில் வில்லோ செடி.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள், பொங்கலுக்கு வந்தபோது அம்மாவுக்கு ஆசையாக வாங்கி வந்தது அது. வந்தபோது பச்சைப்பசேல் என்று இருந்தது. சித்திரை பிறப்பதற்குள் இலைகள் மஞ்சளித்துக் கொட்டின. கொம்புகள் வெளுத்து, நூல் போல நீண்டு, சன்னல் பக்கம் சாய்ந்தன.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அம்மா சொம்பு சொம்பாக ஊற்றினார். இலை இன்னும் கொட்டியது. மகள் கொடுத்த செடி பட்டுப்போய்விடுமோ என்று அவருக்கு ஒரே கவலை.

கிராமத்திலிருந்து வந்த மாமனார் பார்த்தார். "ஏம்மா, மரத்தைப் போய் இருட்டில் வைக்கலாமா? வெயிலில் தூக்கி வை!" என்றார்.

பெரியவர் சொன்னதில் முக்கால் பங்கு சரி.

யார் இந்த வில்லோ?

கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த மரத்தின் குடும்பம்தான். உலகில் சுமார் 400 வகை உண்டு. பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்கள். கொம்புகள் தொங்கத் தொங்க நிற்கும் அழகான வகை, சீனாவிலிருந்து பரவியது. நம் நாட்டுக்கும் ஒரு வில்லோ உண்டு. அதுதான் ஆற்றுப்பாலை. வஞ்சி என்றும் சொல்வார்கள். நம் ஊர் வெயிலைத் தாங்குவது அதுதான்.

வில்லோ பட்டைத் தூள் காய்ச்சலைத் தணிக்கிறது என்று 1763-ல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதினார். அந்த வழியில் நடந்த ஆராய்ச்சியின் முடிவில், 1899-ல் ஆஸ்பிரின் மருந்து விற்பனைக்கு வந்தது. அதற்காக யாரும் தொட்டிச் செடியின் பட்டையை உரித்துக் கஷாயம் வைக்க வேண்டாம்!

வேர் ஈரத்தில், தலை வெயிலில்

கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறக்கிறது. அங்கே ஓடைக் கரையில் நிற்கும் எந்த மரத்தையும் பாருங்கள். வேர் ஈரத்தில் இருக்கும். தலை வெயிலில் இருக்கும். வில்லோவும் அப்படி வாழப் பிறந்ததுதான். கூடத்து மூலையில் அதற்கு ஈரம் கிடைக்கிறது, வெயில் கிடைப்பதில்லை. வெளிச்சம் இல்லாத செடி தண்ணீரை அதிகம் குடிக்காது. குடிக்காத தண்ணீர் மண்ணிலே தேங்கி வேரை அழுக்குகிறது. அம்மா அன்போடு ஊற்றிய தண்ணீரே செடிக்கு வினையாயிற்று.

வில்லோவுக்குச் சன்னலோரமோ, முற்றமோ, மாடிப்படி ஓரமோதான் இடம். ஆனால் நிழலில் இருந்த செடியைத் திடீரென்று சித்திரை வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும். பெரியவர் சொல்லாமல் விட்ட கால் பங்கு இதுதான். முதல் வாரம் காலை வெயில் மட்டும் காட்ட வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம்.

விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், அடித் துளை வழியே வடியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

பயப்படாமல் வெட்டுங்கள்

பெண்கள் பலருக்குச் செடியை வெட்டக் கை வராது. வில்லோவிடம் அந்த இரக்கம் வேண்டாம். ஐரோப்பாவில் கூடை முடைகிறவர்கள் ஆண்டுதோறும் இதை ஒட்ட வெட்டுகிறார்கள். மறுபடியும் மிலாறு மிலாறாகக் கிளம்பி வருகிறது.

பட்ட கொம்பை எந்த மாதமும் எடுக்கலாம். பெரிய கவாத்துக்குத் தை மாதம் நல்லது. கத்தரிக்கோலைக் கொதிநீரில் முக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் பார்த்த மொட்டு எது என்று பாருங்கள். அதற்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். உட்பக்கம் வளரும் கொம்பு, ஒன்றோடொன்று உரசும் கொம்பு, நூல் போல வெளுத்த கொம்பு மூன்றும் போகட்டும். மெலிந்த செடியானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

மேலே வெட்டினால் போதாது. ஓரிரு ஆண்டில் வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி அடைத்துவிடும். செடியை மண்ணோடு எடுத்து, ஓரத்து வேரை நறுக்கி, செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து மாற்றி வையுங்கள்.

ஒன்று மூன்றாயிற்று

அந்த வீட்டில் செடி இப்போது முற்றத்தில் இருக்கிறது. மழைக் காலத்தில் தளிர்த்தது. அடுத்த தையில் மாமனார் கவாத்துச் செய்தார். வெட்டிய கொம்புகளில் இரண்டை அம்மா ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தார். சில வாரங்களில் வெள்ளை வேர் விட்டது. வில்லோ அவ்வளவு சுலபமாகப் பிழைக்கும்.

டம்ளர் தண்ணீரையும் தொட்டித் தட்டுத் தண்ணீரையும் மூன்று நாளுக்கு ஒரு முறை அவர் மறக்காமல் கொட்டினார். டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். தட்டில் மணல் நிரப்பி வைத்தாலும் சரி.

வேர் விட்ட ஒரு கொம்பு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. இன்னொன்றைப் பெரியவர் வயல் வாய்க்கால் ஓரம் நடக் கொண்டு போனார். "மாமா, வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எட்டவே நடுங்கள்" என்று மருமகள் சொல்லி அனுப்பினார். வில்லோ வேர் ஈரத்தைத் தேடி, விரிசல் விட்ட குழாய்க்குள்ளும் புகுந்துவிடும்.