வறண்ட நிலத்தில் ஒரு சோலை: நமக்கு என்ன பாடம்?



சென்ற மாதம் நம் மத்ரஸா மாணவர்களும் பெற்றோருமாக வேன் பிடித்து, கரூர் மாவட்டம் கடவூர் சென்று வந்தோம். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் உருவாக்கிய ‘வானகம்’ பண்ணையைப் பார்ப்பதே நோக்கம். 2013 டிசம்பர் 30 அன்று மறைந்த அவர் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான்.

கல்லும் சரளையுமாகக் கிடந்த வறண்ட நிலம் அது. நாங்கள் பார்த்ததோ மரநிழலும் பறவைச் சத்தமும். அவர்கள் செய்வது மூன்று காரியங்கள்தாம். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, ஓடும் மழைநீரை நிறுத்துகிறார்கள். குட்டைகளில் தேக்கி மண்ணுக்குள் இறக்குகிறார்கள். காய்ந்த இலை, தழைகளால் மண்ணை மூடி வைக்கிறார்கள். இதற்கு ‘மூடாக்கு’ என்று பெயர். வெயில் நேரே படாததால் ஈரம் தங்குகிறது, மண்புழு வருகிறது.

பாலைவனத்திலும் இது பலித்திருக்கிறது. ஜோர்தானில், கடல் மட்டத்திற்குச் சுமார் 400 மீட்டர் கீழே, சாக்கடல் பள்ளத்தாக்கின் உவர்நிலத்தில் ஜெஃப் லாட்டன் என்பவர் 2000-களின் தொடக்கத்தில் இதே முறையைக் கையாண்டார். அங்கே அத்தி காய்த்தது. மண்ணின் உப்பும் குறைந்தது.

திரும்பும் வழியில் எங்களை உறுத்தியது ஒன்றுதான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது. கரூரில் பெய்வது ஏறத்தாழ அதில் பாதி. ஆனால் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்பது திருவொற்றியூர்வாசிகளான நாம். போர் தண்ணீர் உவர்க்கிறது என்கிறோம். நிலத்திலிருந்து எடுத்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கடல்நீர் உள்ளே வரத்தானே செய்யும்?

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நம் மத்ரஸாவிலும் ஒரு தொட்டி அமைத்தோம். ஊருக்கு வந்ததும் அதைத் திறந்து பார்த்தோம். வாய்வரை குப்பையும் மணலும். பொறுப்பு நம்முடையது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இப்போது தூர்வாரி, ஜல்லியும் மணலும் புதிதாக நிரப்பியாயிற்று.

அடுத்து ஒளு தண்ணீர். ஐந்து வேளையும் அது சாக்கடைக்கே போகிறது. ஒருமுறை ஒளுவுக்குப் பயன்பட்ட நீர் மீண்டும் ஒளுவுக்கு உதவாது. ஆனால் அது அசுத்தமல்ல, செடிக்குத் தாராளமாக விடலாம். பள்ளிவாசல் பின்புறத்தில் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, அந்தக் குழாயை அங்கே திருப்ப ஜமாஅத்தார் இசைந்துள்ளனர்.

உங்கள் வீட்டிலும் இந்த வாரமே மழைநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மொட்டைமாடியைக் கூட்டி வையுங்கள். முதல் மழையில் புகைக்கரி கழுவிப் போகட்டும். அடுத்த மழையைத் தொட்டிக்கு விடுங்கள். காய்ந்த இலையைக் கொளுத்தாமல் செடியடியில் போடுங்கள். தூர்வார ஆள் வைக்க வசதியில்லாத குடும்பங்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், நம் இளைஞர்கள் வந்து செய்து தருவார்கள்.

நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பது நட்டவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். ஐப்பசி மழைக்கு முன் இதைச் செய்து முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.