தேசியப் பழங்குடியினர் ஆணையம்

தேசியப் பழங்குடியினர் ஆணையம் என்பது இந்தியாவில் பட்டியல் பழங்குடியினரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான அரசியலமைப்புசார் அமைப்பாகும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பொதுவாக இருந்த ஆணையத்தை 2003ஆம் ஆண்டின் 89ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இரண்டாகப் பிரித்தது. அதன்படி 338அ பிரிவின்கீழ் இவ்வாணையம் 2004 பிப்ரவரி 19 முதல் செயல்படுகிறது. தலைவர், துணைத் தலைவர், 3 உறுப்பினர்கள் ஆகியோரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்.

நிலப்பறிப்பு, வன உரிமை மறுப்பு, இட ஒதுக்கீட்டு மீறல் போன்ற புகார்களை ஆணையம் விசாரிக்கிறது. விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றத்தைப் போல அதிகாரிகளுக்கு அழைப்பாணை அனுப்பவும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அதற்கு அதிகாரம் உண்டு. பழங்குடியினரைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளில் ஒன்றிய, மாநில அரசுகள் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

எனினும் ஆணையத்தால் குற்றவாளிகளைத் தண்டிக்க முடியாது; பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். பரிந்துரையை ஏற்காத அரசு, அதற்கான காரணத்தை நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ தெரிவிக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் உள்ள வாச்சாத்தி இதற்கோர் எடுத்துக்காட்டு. அங்குப் பழங்குடியினர்மீது அரசு ஊழியர்கள் 1992 சூனில் நடத்திய வன்கொடுமைகளை முந்தைய பொது ஆணையத்தின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. ஆனால் 215 பேருக்குத் தண்டனை 2011இல் நீதிமன்றத்தின் வழியாகவே கிடைத்தது.