சலிப்பு வந்தால் பாசம் போய்விட்டதா?

முதலில் டீயைக் குடித்துவிடுங்கள். டிமென்ஷியா வந்த அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் டீயைச் சூடாகக் குடித்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். அம்மா தூங்கட்டும். எழுந்தால் சத்தம் கேட்கும். அதுவரை பேசுவோம்.

நீங்கள் கேட்ட அதே கேள்வியைப் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். வார்த்தைகூட அதிகம் மாறாது. "நேத்து ராத்திரி அம்மாகிட்ட கத்திட்டேன். பெத்தவளப் பாத்து, என்னை எப்பதான் நிம்மதியா விடுவேன்னு கேட்டுட்டேன். அவங்க முழிச்ச முழி கண்ணுக்குள்ளயே நிக்குது. நானெல்லாம் ஒரு பொண்ணா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் வரும்: "சில நாள், இதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சா தேவலைன்னு தோணுது."

நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு பார்ப்போம். உங்களை அரிக்கிற இந்தக் குற்ற உணர்வில் பெரும்பகுதி வெறும் களைப்பு. தூக்கம் குறைந்ததால் வந்ததைப் பாசம் குறைந்ததாக நீங்கள் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் ஒவ்வொரு முறை கத்திய பிறகும், பரிகாரம்போல இன்னும் அதிகமாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறீர்கள். இன்னும் களைக்கிறீர்கள். மறுபடி கத்துகிறீர்கள். இந்தச் சுற்றை உடைக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: உங்கள் தலையில் இருக்கும் நேரத்தில் கொஞ்சத்தை வேறு யார் தலையிலாவது ஏற்றுவது.

அதற்கு முன் அம்மாவின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

அல்சைமர் வகை டிமென்ஷியாவில் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. இன்று நடந்ததை நினைவாகப் பதிய வைப்பது அதன் வேலை. அது கெட்டுப்போனால், மை தீர்ந்த பேனாவால் எழுதுவது போலத்தான்: கை ஓடும், பக்கத்தில் எதுவும் விழாது. பழைய பக்கங்கள் மட்டும் வெகுநாள் அப்படியே இருக்கும். அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில்லாத அம்மா, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தில் யார் யார் வரவில்லை என்று சரியாகச் சொல்வார். "தம்பி எப்ப வருவான்?" என்று நாலாவது முறை கேட்கும்போது உங்களுக்குத்தான் அது நாலாவது முறை. அவருக்கு அதுதான் முதல் முறை. "இப்பதானே சொன்னேன்" என்பது அவரைப் பொறுத்தவரை நடக்காத ஒன்றைப் பற்றிய பேச்சு.

"நகையை நீதான் எடுத்துட்ட" என்ற பழியும் இந்த வகைதான். முந்தானையில் முடிந்து, தலையணை உறைக்குள் செருகியது அவரேதான். செருகியது பதியவில்லை. பொருளைக் காணோம் என்பது மட்டும் தெரிகிறது. அந்த இடைவெளியை மூளை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். யார் கண்ணில் படுகிறாரோ அவர் மேல் பழி விழுகிறது. இருபத்து நாலு மணி நேரமும் கண்ணில் படுவது நீங்கள். பார்த்துக்கொள்பவருக்குத்தான் திருட்டுப் பட்டம் என்பது இந்த நோயின் கொடுமைகளில் ஒன்று. இதைக் கேட்டுவிட்டு உறவுக்காரர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பது அதைவிடப் பெரிய கொடுமை.

அதே உறவுக்காரர்கள் அரை மணி நேரம் வந்தால் அம்மா எழுந்து உட்கார்ந்து, "வாங்க, சாப்பிட்டீங்களா, பசங்க நல்லாருக்காங்களா" என்று கணீரென்று பேசுவார். "நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெருசு பண்ற" என்று உங்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டு அவர்கள் போவார்கள். விருந்தினரை விசாரிக்கும் வழக்கம் ஆயுள் முழுக்கப் பழகியது, வெகுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் மொத்தச் சக்தியையும் திரட்டி அம்மா சமாளிக்கிறார். வந்தவர்கள் போன பிறகு அந்த அலுப்பு எரிச்சலாக வெளியே வரும்போது பக்கத்தில் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

பொழுது சாயும்போது ஆரம்பிக்கும் "வீட்டுக்குப் போகணும்" என்ற பேச்சும் அப்படித்தான். இரவையும் பகலையும் பிரித்துச் சொல்லும் மூளையின் கடிகாரம் நோயில் குலைந்துபோகிறது. நாள் முழுக்கச் சேர்ந்த அலுப்பு, மங்கிய வெளிச்சம், அதில் தெரியும் நிழல்கள் எல்லாம் சேர்ந்து பயம் காட்டுகின்றன. அவர் தேடும் வீடு அநேகமாகச் சின்ன வயதில் அவருடைய அம்மா இருந்த வீடு. "இதுதாம்மா உங்க வீடு, கரண்ட் பில்லே உங்க பேர்லதான் வருது" என்று நிரூபித்துப் பயனில்லை. ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போடுங்கள். "போகலாம்மா, காபி குடிச்சிட்டுப் போகலாம். அந்த வீட்ல மாமரம் இருந்துச்சில்ல?" என்று பேச்சை அங்கே திருப்புங்கள். "பொய் சொல்றேனே" என்று மனசு உறுத்தினால், உண்மையால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பயம்தான் கிடைக்கும். இறந்துபோன அப்பாவைக் கேட்கும்போது, அவர் இல்லை என்று ஒவ்வொரு முறையும் புதுசாகச் சொல்லி ஒவ்வொரு முறையும் அழ வைப்பதை நேர்மை என்று நான் ஏற்கமாட்டேன்.

பெரிய சண்டை பாத்ரூமில்தான் நடக்கும். ஒரு குளியலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆழத்தைக் கணிக்கும் திறன் குறைந்தவருக்கு, பளபளக்கும் ஈரத் தரை குழிபோலத் தெரியலாம். உச்சந்தலையில் திடீரென்று சொம்புத் தண்ணீர் விழுந்தால் அது தாக்குதல். அவர் உங்களைக் கிள்ளுவதும் அடிப்பதும் தற்காப்புக்காக. வெந்நீரை முன்கூட்டியே வாளியில் விளாவி வையுங்கள். வழுக்காத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போடுங்கள். தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்துங்கள், அது நனைந்தால் நனையட்டும்; அவருடைய கூச்சம் இன்னும் போகவில்லை. மக்கை அவர் கையில் கொடுங்கள். தண்ணீர் முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், பிறகு மடியில். முகத்தைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தலைக் குளியலை இன்னொரு நாளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று குளியல், மற்ற நாளில் துடைத்துவிடுவது என்று வைத்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. தினமும் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்பது அக்கம்பக்கத்தாருக்காக நீங்கள் சுமப்பது.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. நேற்று வரை இருந்ததைவிட இரண்டே நாளில் திடீரென்று மோசமானால், பிதற்றினால், அல்லது ஒரேயடியாகச் சோர்ந்து கிடந்தால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றிப்போவது, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டினால் பல சமயம் சரியாகிவிடும்.

இனி கத்தியதற்கு வருவோம். அவர் மறந்திருப்பார் என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன், ஏனென்றால் அது முழு உண்மை இல்லை. 2014-இல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே அவர்களில் பலருக்கு நினைவில்லை. ஆனால் சோகமும் சந்தோஷமும் மனதில் தங்கியிருந்தன. காரணம் மறந்துபோகிறது, உணர்ச்சி நிற்கிறது. இது உங்களைக் குத்தும். ஆனால் இதன் மறுபாதியையும் சேர்த்துப் பாருங்கள். கத்திய கத்தல் கொஞ்ச நேரம் நிற்கிறது என்றால், அதற்குப் பிறகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், தலைக்கு எண்ணெய் தடவிவிட்டதும், பழைய பாட்டைப் போட்டுவிட்டதும் அதே மாதிரி நிற்கும். மன்னிப்புக் கேட்டு அவருக்கு விளங்க வைக்க முடியாது. அடுத்த அரை மணி நேரத்தை நல்லபடியாக ஆக்க முடியும், அது போதும்.

உங்கள் உடம்பு என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. என் மனதை விட்டு அகலாத ஒன்று. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்பவரின் குழு, டிமென்ஷியா உள்ள உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களையும், ஏறக்குறைய அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் முன்கையில் ஒரே அளவில் சின்னக் காயம், 3.5 மில்லிமீட்டர். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. 1995-இல் லான்செட் இதழில் வெளிவந்தது இது. தோலே இப்படித் திணறும்போது, பொறுமை மட்டும் குறையாமல் இருக்க வேண்டும் என்று உங்களிடம் யாரும் கேட்கக் கூடாது. நீங்களும் கேட்டுக்கொள்ளக் கூடாது.

"சீக்கிரம் முடிஞ்சா தேவலை" என்று தோன்றியதே, அதைப் பற்றி. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தவர். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் சொல்ல முடியாது. அதனால் அழுது முடிக்க வழியில்லாமல் அந்தக் குடும்பங்கள் நின்றுபோயின. பிறகு டிமென்ஷியா குடும்பங்களிலும் அதே துக்கத்தை அவர் கண்டார். இங்கே ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் உங்களைப் பார்த்து "நீ யாரும்மா?" என்கிறார். உங்களுக்குத் தெரிந்த அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறீர்கள். அதற்கு எழவும் இல்லை, பதினாறும் இல்லை, துக்கம் விசாரிக்க வருபவரும் இல்லை. முடிந்தால் தேவலை என்ற நினைப்பு அந்தத் துக்கத்தில் வருவது. அவர் படும் பாடு முடிய வேண்டும், நமக்கும் ஓய்வு வேண்டும் என்ற இரண்டும் அதில் கலந்திருக்கும். இரண்டுமே பாவம் இல்லை.

குற்ற உணர்வு முழுக்கப் பொய் என்றும் நான் சொல்லவில்லை. கை ஓங்கியிருந்தால், கட்டிலோடு கட்டியிருந்தால், சத்தம் தாங்காமல் டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருந்தால், அந்த உறுத்தல் உண்மையான எச்சரிக்கை. அந்த நிமிஷத்தில் அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள், மூச்சு அடங்கட்டும். அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாகப் பார்த்துக்கொள்ளும் கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

சரி, நேரத்தை யார் தலையில் ஏற்றுவது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி டிமென்ஷியா உள்ளவர்களைப் பராமரிக்கும் மொத்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. நம் வீடுகளில் அது மகள் அல்லது மருமகள், அதிலும் அநேகமாக ஒருத்தி. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை வீட்டிலும் ஒருத்தி தூங்காமல் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் நடத்திய நெடுநாள் ஆய்வு இங்கே உதவும். அல்சைமர் நோயாளிகளின் கணவன் அல்லது மனைவி 406 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆறு ஆலோசனை அமர்வுகள். அந்த ஆறில் நாலு, குடும்பத்தின் மற்றவர்களையும் சேர்த்து உட்கார வைத்தவை. பிறகு, இதே நிலையில் இருப்பவர்களின் கூட்டம், வேண்டும்போது போனில் ஆலோசனை. இவ்வளவுதான், மாத்திரை எதுவும் இல்லை. இவர்களால் நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிந்த காலம் மற்றவர்களைவிட 557 நாள் அதிகம். அதனால் அண்ணன் தம்பிகளை உட்கார வைத்துப் பேசுவதைச் சண்டை என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்குச் செய்யும் வைத்தியத்தில் அதுவும் ஒன்று. பேசும்போது "யாரும் கண்டுக்க மாட்டேங்கிறீங்க" என்று ஆரம்பித்தால் பழைய பாக்கி எல்லாம் வெளியே வரும். "மாசத்துல ரெண்டாவது சனி ஞாயிறு நீ வந்து இருக்கணும், ஹோம் நர்ஸ் சம்பளத்துல பாதி உன்னோடது" என்று நாளும் தொகையுமாகக் கேளுங்கள். ஹோம் நர்ஸ் வைத்தால் முதல் வாரம் நீங்கள் கூடவே இருந்து, அம்மாவுக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் பயம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள், தூங்குங்கள்.

வீட்டில் முடியவே முடியாது என்ற நிலை வந்தால், நல்ல இல்லத்தில் சேர்ப்பதைக் கைவிடுவது என்று நான் சொல்லமாட்டேன். எல்லா முதியோர் இல்லங்களும் டிமென்ஷியா உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை, சேர்க்கிற எல்லாமும் நல்லவை இல்லை. ராத்திரியில் எத்தனை பேர் வேலைக்கு இருக்கிறார்கள், எழுந்து நடப்பவர்களை என்ன செய்கிறார்கள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்க விடுவார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்குத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வழி கேட்க ஆள் வேண்டும் என்றால், சென்னையில் மனநல அமைப்பான ஸ்கார்ஃபின் டெம்கேர்ஸ் டிமென்ஷியா குடும்பங்களுக்கென்றே இருக்கிறது. அல்சைமர் நோய்க்கான இந்தியச் சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.க்குச் சென்னையிலும் கிளை உண்டு. முதியோர் தொடர்பான எதற்கும் 14567, உங்கள் மனம் தாங்காதபோது 14416. இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். பேச ஒன்றுமில்லை, அழ மட்டும்தான் தோன்றுகிறது என்றாலும் கூப்பிடலாம்.

இதைப் படிப்பவர் வெளியூரில் இருக்கும் அண்ணனாகவோ தம்பியாகவோ அக்காவாகவோ இருந்தால், ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு போன் செய்யும்போது "அம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். "நான் எந்த வாரம் வந்து இருக்கட்டும்?" என்று கேளுங்கள், தேதியைச் சொன்னவுடன் டிக்கெட் எடுங்கள்.