ஒரு பெட்டகமும் பல திறப்புகளும்

களனி கங்கையின் வடகரையிலே அமைந்த பேலியகொடைக்குக் 'கொழும்பின் களஞ்சியம்' என்று பெயர் சூட்டினால் பிழையாகாது. புறக்கோட்டையில் இருந்த மீன் சந்தை முன்னரே இங்கு வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டில் மனிங் சந்தையும் அதனைப் பின்தொடர்ந்தது. எங்கு நோக்கினும் கிட்டங்கிகள், பார ஊர்திகள், மூட்டைகள்! வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் காலையிலே புறப்பட்டு, இப்பகுதியிலே தொழில் பார்த்து மாலையிலே வீடு திரும்பும் தமிழ் அன்பர்களும் உளர்.

சாமான்களுக்குக் கிட்டங்கி எவ்வாறோ, கணினிக் கோப்புகளுக்கு வலையமைப்புக் களஞ்சியம் அவ்வாறு. அதன் அருமை யாதென அறிய வேண்டுமாயின், அஃது இல்லாத ஒரு கந்தோரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அங்கே நான்கு கணினிகள் இருக்கின்றன. பற்றுச்சீட்டுகள் ஒன்றில், இருப்புக் கணக்கு மற்றொன்றில், கடன்காரர் பட்டியலோ, அன்று விடுமுறையில் நிற்கும் எழுதுவினைஞரின் கணினியில்! ஒரே கணக்குக்கு 'கடைசி', 'திருத்திய கடைசி', 'உண்மையான கடைசி' என மூன்று பிரதிகள். எதனை நம்புவது?

இத்தொல்லைக்கு மருந்தாக வந்ததே இப்பெட்டகம். 'நாஸ்' என்பது கடை வழக்கு. சப்பாத்துப் பெட்டி அளவினதான அதனுள்ளே இரண்டோ நான்கோ வன்தட்டுகள் இருக்கும். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. எனினும் அதுவும் ஒரு சிறு கணினியே. கம்பி ஒன்றினால் அதனை ரவுட்டருடன் இணைத்து, உள்ளே 'கணக்கு', 'படங்கள்' என்றவாறு பகிர் கோப்புறைகளை அமைத்துவிட்டால், வீட்டிலோ கந்தோரிலோ உள்ள கணினிகள் யாவும் அதே கோப்புகளைக் காணலாம்.

இணைக்கும் முறையும் கடினமன்று. விண்டோஸ் கணினியில் கோப்புலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையிலே பின்சாய்கோடு இரண்டு இட்டுப் பெட்டகத்தின் பெயரையும், மேலும் ஒரு பின்சாய்கோடு இட்டுக் கோப்புறையின் பெயரையும் எழுத வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். கொடுத்தால் கதவு திறக்கும். நாள்தோறும் இவ்வாறு எழுதச் சோம்புவோர் அக்கோப்புறைக்கு ஓர் இயக்கி எழுத்தை ஒதுக்கிவிட்டால், அது கணினியின் சொந்த வட்டுப் போலவே தோன்றும். மாக் கணினி உடையோர் 'ஃபைண்டர்' பட்டியலில் சேவையகத்துடன் இணைக்கும் கட்டளையைத் தேடுக. நேற்று வரை திறந்த கோப்புறை இன்று திறக்கவில்லையாயின், ரவுட்டர் பெட்டகத்துக்கு வேறோர் இலக்கம் வழங்கியிருத்தல் கூடும். மாறாத இலக்கம் ஒன்றை ஒதுக்கிவிட்டால் அத்தொல்லை இல்லை.

கணினியும் பெட்டகமும் பேசிக்கொள்ளும் மொழி ஒன்று உண்டு. 'எஸ்.எம்.பி.' எனப்படும் அது 1980களிலே ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாயிற்று. விண்டோஸ் அல்லாத கணினிகளும் அதனைப் பேச வழிசெய்தவர் அவுஸ்திரேலியரான அன்ட்ரூ டிரிட்ஜெல். தமது செய்நிரலுக்குப் பெயர் தேடிய அவர், எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அவ்வரிசையிலே அமைந்த சொற்களை அகராதியிலே துருவினார். அகப்பட்டது 'சம்பா'! உலகம் அதனைப் பிரேசில் நாட்டு நடனமாக அறியும். நமக்கோ அது சோற்றரிசி. களஞ்சியத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைக்குமா? இன்று விற்கப்படும் பெட்டகங்கள் பலவற்றினுள்ளே இயங்குவது இந்தச் சம்பாவே.

ஆனால், யாவரும் எழுதக்கூடிய இடம் யாவரும் அழிக்கக்கூடிய இடமுமாகும். ஒரே கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுப்பது, கிட்டங்கித் திறப்பை வாசலிலே தொங்கவிடுவது போன்றது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். படிக்க மட்டும் சிலருக்கு உரிமை, எழுதவும் சிலருக்கு உரிமை எனப் பெட்டகத்திலேயே வரையறுக்கலாம். குடும்பப் படங்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அழிக்கும் உரிமை அவர்களுக்கு எதற்கு?

வெளியாரால் வரும் ஆபத்து இதனினும் பெரிது. 2017 மே மாதத்தில் 'வொன்னாக்கிரை' என்னும் தீநிரல், விண்டோஸின் பழைய எஸ்.எம்.பி. பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே கணினிக்குக் கணினி தாவிற்று. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் பல நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 2021 யூன் மாதத்திலோ, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டகங்களை இணையத்தோடு இணைத்து வைத்திருந்தோர் பலர், ஒரு நாள் அவை வெறுமையாகக் கிடக்கக் கண்டனர். அவ்வகைப் பெட்டகங்களுக்குப் புதுப்பித்தல் வழங்குவது 2015ஆம் ஆண்டோடு நின்றிருந்தது. ஆதலின் பெட்டகத்தை இணையத்துக்கு நேரே திறந்து வைத்தல் ஆகாது. 2024இல் வெளியான விண்டோஸ் 11 பதிப்பின் அலுவலக வகைகள், கடவுச்சொல்லின்றி விருந்தாளியாக நுழைவதை மறுக்கின்றன. பழைய பெட்டகம் வைத்திருப்போர் இதனால் முணுமுணுக்கின்றனர். நாம் விண்டோஸின் பக்கமே நிற்போம்.

பெட்டகத்தில் இரண்டு வட்டுகள் ஒன்றையொன்று படியெடுக்கின்றன. இனி அச்சமில்லை என்று எண்ணுவோர் உளர். ஒரு வட்டுப் பழுதானால் மற்றது காக்கும், உண்மை. எனினும் தவறுதலாக அழித்தது இரண்டிலும் ஒருங்கே அழியும். வெள்ளமும் இரண்டையும் ஒருங்கே கொள்ளும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொழும்பின் சுற்றுப்புறங்களை மூழ்கடித்ததை இக்கரையினர் மறந்திரார்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பதன் கொடுமையைத் தமிழருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் போயின. மறுபிரதி இருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். அச்சுவடிகளை எங்கே தேடுவது? ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிலே சேர்த்துவைக்கும் 'நூலகம்' முயற்சியைத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கினர். இன்று அவற்றை எந்நாட்டவரும் தம் வீட்டிலிருந்தே படிக்கின்றனர்.

ஆகவே பேலியகொடைக் கந்தோரிலே பெட்டகம் வைத்திருப்போர், அதன் பிரதியை வேறொரு வட்டில் எடுத்து, மறைகுறியாக்கிப் பூட்டி, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள வீட்டு அலுமாரியிலே வைக்கலாம். அவ்வட்டு எந்நேரமும் பெட்டகத்தோடு இணைந்திருத்தல் ஆகாது; தீநிரல் வந்தால் அதனையும் தீண்டும். பெட்டகத்தை நிலத்திலே வையாது உயரமான தட்டிலே வையுங்கள். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை நினைவிற்கொண்டு, மின்கலத் துணையொன்றும் வாங்குங்கள். மாதத்தில் ஒரு நாள், வீட்டிலுள்ள வட்டிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள்; திறவாவிடில் அன்றே புதுப் பிரதி எடுங்கள்.