கப்பலில் எத்தனை அறை?

2022 ஜூன் 4-ல் சென்னைத் துறைமுகத்தில் ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பியது முதல், மயிலாப்பூர்க் குடும்பங்களையும் கப்பலாசை பிடித்துக்கொண்டது.

1990-ல் வெள்ளோட்டம் கண்ட அக்கப்பலின் அறைகள் சிறியவை. நால்வருக்கு ஓர் அறையென்றால், இருவர் மேற்கட்டிலுக்கு ஏணியில் ஏற வேண்டும். ஸ்நான அறையோ ஒன்றே. சிறுவர்களுக்கு அது விளையாட்டு. கல்லூரி மாணவிக்கும் மீசை அரும்பிய தம்பிக்கும் சிறைவாசம்!

பால்கனி அறை ஒன்றில் நால்வரும் நெருங்குவதைவிட, சற்றே செலவு கூடினாலும், ஜன்னலில்லாத உள் அறைகள் இரண்டை அடுத்தடுத்துப் பெறுவதே உசிதமென்பது நம் அபிப்பிராயம். தாயும் மகளும் ஒன்றில். தந்தையும் மகனும் மற்றதில். கடலைப் பார்க்கத்தான் மேல்தளம் இருக்கிறதே! குமட்டலுக்கு அஞ்சுவோர் நடுப்பாகத்தில், கீழ்த்தளத்தில் கேட்கட்டும். ஆட்டம் அங்கே குறைவு.

அறை எண்களைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் போய் மன்றாடிப் பயனில்லை.