கை பிரேக் பிடிக்கவில்லையா? முதலில் டிரம்மைப் பாருங்கள்

2019 மே மாதம். கோடை விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் மகாபலேஷ்வர் அழைத்துப் போவது புனேயில் வாழும் நமக்கெல்லாம் எழுதப்படாத சட்டம் அல்லவா? வாயி ஊரைத் தாண்டிப் பசர்ணி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது, சுட்ட சோளக்கதிர் விற்பவரைப் பார்த்து என் பெண் நிறுத்தச் சொன்னாள். ஓரமாக நிறுத்தி, கை பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு இறங்கினேன். சோளக்காரரிடம் காசை நீட்டுகிறேன், பின்னாலிருந்து மாமனாரின் குரல்: "மாப்பிள்ளை, வண்டி பின்னால போகுதே!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்து, கையாலேயே பிரேக் பெடலை அழுத்தி நிறுத்தினேன். என் மனைவி எங்கிருந்தோ ஒரு கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். நகர்ந்தது நாலைந்து அடிதான். ஆனால் உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கியரில் போட்டு நிறுத்தாதது என் தவறு, அதை மறைக்கவில்லை. இருந்தாலும் முழுதாக இழுத்த கை பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

திரும்பி வந்ததும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஐந்தே நிமிடத்தில் கை பிரேக் கேபிளை முறுக்கி இறுக்கிவிட்டு, "சரியாகிவிட்டது" என்றார். சரியாகத்தான் இருந்தது, பத்து நாளைக்கு. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து இறங்கினால் கருகிய வாடை. பின்பக்க இடது சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை, அப்படிக் கொதித்தது.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டு மராட்டியர் ஒருவர், ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் காகாதான். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கேபிளை யார் தொடச் சொன்னது?" என்பதுதான். அன்று அவர் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மில் பலர் வைத்திருக்கும் சிறிய கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் இரும்புக் குண்டான்தான் டிரம். அதற்குள்ளே பிறைநிலா வடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அவற்றின் மேல் ஒட்டியுள்ள லைனிங் டிரம்மின் உட்சுவரில் உரசி வண்டி நிற்கிறது. கை பிரேக் இழுப்பதும் இதே ஷூக்களைத்தான், ஆனால் கேபிள் வழியாக. லைனிங் தேயத்தேய டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையே இடைவெளி கூடுகிறது. பெடல் ஆழமாக இறங்கும். கை பிரேக் மேலே மேலே வரும்.

இந்த இடைவெளியைத் தானாகவே குறைக்க உள்ளே ஒரு சிறு திருகும், அதன் மேல் பல்சக்கரமும் உண்டு. புழுதியும் மழைக்காலத் துருவும் சேர்ந்து அது இறுகிப்போனால் வேலை செய்யாது. என் காரில் நடந்தது அதுதான். அந்த நிலையில் கேபிளை இறுக்கினால் என்ன ஆகும்? நோய் அப்படியே இருக்க, வலி மட்டும் மறையும். அதுமட்டுமல்ல, இறுகிய கேபிள் ஷூக்களைத் தம் இருப்பிடத்துக்குத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். தானியங்கித் திருகும் ஒழுங்காக வேலை செய்யாது. ஷூவும் ஓயாமல் உரசிச் சூடேறும். ஆகவே முதலில் டிரம், கடைசியில்தான் கேபிள். மெக்கானிக்கிடம் விடுபவர்களும் இதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்வதென்றால் சமதளமான இடம் வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். என் கார் முன்சக்கர இழுவை. அதனால் முதல் கியரில் போட்டேன். பின்சக்கர இழுவை வண்டியானால் நியூட்ரலில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் சுழலாது. கட்டைகளை மட்டுமே நம்ப வேண்டியிருப்பதால் அவற்றை இன்னும் கவனமாக வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியில் ஏற்றுங்கள். ஏற்றியபின் வண்டியின் பாரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல்லை அடுக்கியோ அடியில் தலையை நீட்ட வேண்டாம். செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

இப்போது கை பிரேக்கை முழுதாக விடுங்கள். கேபிளை யாராவது இறுக்கியிருந்தால் அதையும் தளர்த்துங்கள். டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் துளை வழியாகப் பல்சக்கரம் தெரியும். எல்லாக் கார்களிலும் இந்த அமைப்பு இல்லை. உங்கள் காரின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு பல்லாக நெம்பி, இடையிடையே சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகுகிற திசை எதுவென்று நாலு பல்லிலேயே கைக்குத் தெரிந்துவிடும். சக்கரம் அசையாமல் பிடிக்கும்வரை இறுக்கி, பிறகு எதிர்த்திசையில் தளர்த்துங்கள். தளர்த்தும்போது ஒரு சிறு நெம்பு தகடு பல்லைத் தடுக்கும். இன்னொரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் அதை விலக்கிப் பிடிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற கட்டம் இதுதான். எனக்கு முதல் சக்கரத்துக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. காகா நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். லேசாக 'சர்' என்ற உரசல் மட்டும் கேட்டால் பாதகமில்லை. பெடலை நாலைந்து முறை அழுத்தி மிதித்து, மறுபடி சுற்றிப் பாருங்கள், ஏனெனில் அப்போதுதான் ஷூக்கள் நடுவில் வந்து அமரும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு கை பிரேக்கை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கேபிளைத் தொடவே தேவையிருக்காது. இன்னும் அதிகமாக மேலே வந்தால், புத்தகத்தில் சொன்ன 'க்ளிக்' எண்ணிக்கை வரும்வரை மட்டும் இறுக்கினால் போதும்.

டிரம்மைக் கழற்ற நேர்ந்தால் உள்ளேயிருக்கும் கரும்பொடியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். உள்ளே ஈரமாக ஆயில் கசிந்திருந்தாலோ, லைனிங் தேய்ந்து இரும்பை எட்டியிருந்தாலோ அது நம் வேலை அல்ல. பார்ட்ஸ் மாற்ற வேண்டும், ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டும். பட்டனை அழுத்தும் மின்சாரக் கை பிரேக் உள்ள கார்களிலும் கைவைக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் காலனிக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பல முறை பிரேக் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய ரோட்டுக்குப் போனேன். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து இரண்டு பின்சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பார்த்தேன்; இரண்டும் ஒரே இளஞ்சூடு. ஒன்று மட்டும் கொதித்திருந்தால் அதை இன்னும் இரண்டு பல் தளர்த்தியிருக்க வேண்டும்.

அந்த டிசம்பரில் மறுபடியும் பசர்ணி ஏறினோம். அதே சோளக்காரர், அதே சரிவு. கை பிரேக்கை இழுத்து, முதல் கியரும் போட்டேன். வண்டி அசையவில்லை. ஆனாலும் என் மனைவி இறங்கியதும் டிக்கியைத் திறந்து, மே மாதத்துக் கல்லை எடுத்து வந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். அதை அவள் பத்திரமாக வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.